வண்டி எடுக்க ஒரு ஓடிபி

ராஜப்பன் காசு கொடுத்து வாங்கிய பஸ்ஸை ஓட்டுவது ராஜப்பன்தானா என்று கம்பெனிக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது.

பஸ் என்றால் ரோட்டில் ஓடுவது இல்லை, கம்ப்யூட்டரில் ஓடுவது. 'ஹில் ரூட் பஸ்' என்று ஒரு விளையாட்டு. மேஜை விளிம்பில் திருகி மாட்டிய ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல், பக்கத்தில் கியர் கம்பி, திரையில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு மலைப் பாதை. இரண்டு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அந்த விளையாட்டுக் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. வாங்கிய கையோடு சட்டம் போட்டது: இன்டர்நெட் இல்லாமல் வண்டி கிளம்பாது. ஓடும்போது நெட் அறுந்தால் வண்டி நின்றுவிடும். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் போனுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். திருட்டுப் பிரதியை ஒழிக்கிறார்களாம். முப்பதாம் தேதிக்குள் இந்தச் சரிபார்ப்பை முடிக்காதவர்களின் கணக்கு அழிக்கப்படும் என்று சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல் வேறு. அன்றைக்குத் தேதி இருபத்தொன்பது.

ராஜப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். அந்தப் பாதையில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அவர் வண்டி உரசியது கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் டிப்போ வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்தார். விழுந்தது பெஞ்சிலிருந்துதான், ஸ்டீயரிங்கிலிருந்து இல்லை. ஆனால் வலிப்பு வந்தவன் கையில் நாற்பது உயிரைக் கொடுக்க முடியாது என்றார்கள். நியாயம்தான், அவரே மறுத்துப் பேசவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரே தாளில் இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. இப்போது அதே டிப்போவின் டயர் ஸ்டோரில் உட்கார்ந்து, எந்த வண்டிக்கு எந்த டயர் போனது என்று நோட்டில் எழுதுகிறார். சம்பளத்தில் குறைச்சல் இல்லை. காலையில் எழுந்தால் கைக்குத்தான் வேலை இல்லை. அந்த வெறுமையை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் வெட்கமாக இருந்தது.

மகள் கனிமொழிக்கு மட்டும் எப்படியோ புரிந்திருந்தது. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தவள், முதல் சம்பளத்தில் கம்ப்யூட்டரும் ஸ்டீயரிங்கும் வாங்கி வந்து இறக்கினாள். டாக்டரிடம் கேட்டு, தினம் இரண்டு மணி நேரம் விளையாடலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் வாங்கினாள். முதல் வாரம் ராஜப்பன் அதைத் தொடவே இல்லை. பொம்மை ஓட்டுகிற வயதா என்றார். இரண்டாவது வாரம் உட்கார்ந்தார். அதன் பிறகு எழுப்பினால்தான் எழுந்தார்.

அந்தத் திரையின் மேல் மூலையில் இரண்டு வரி இருக்கும். ஓடிய தூரம்: 41,386 கிலோமீட்டர். விபத்து: 0. அந்த இரண்டாவது வரிதான் ராஜப்பனின் சொத்து. மழையிலும் மூடுபனியிலும் எதிரே லாரி வந்தாலும் அந்தப் பூஜ்யத்தை அவர் காப்பாற்றி வைத்திருந்தார். இவனிடம் இனி வண்டி கொடுக்கக் கூடாது என்று எழுதிய அந்தத் தாளுக்கு அவரிடம் இருந்த ஒரே பதில் அது. இப்போது அதைத்தான் அழிக்கப்போவதாகச் சொல்கிறார்கள்.

ஓடிபி வந்தால் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். வந்தது. ஆனால் அவர் போனுக்கு வரவில்லை.

இந்தப் பக்கத்தில் எந்தக் கணக்குத் திறப்பதானாலும் அரூர் ஜெராக்ஸ் கடை மாதவராஜிடம்தான் போவார்கள். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், கேஸ் இணைப்பு, எல்லாம் அவன்தான். போன் நம்பர் கேட்கும் கட்டத்தில் அவன் தன் நம்பரையே தட்டிவிடுவான். யாரும் குறை சொன்னதில்லை. ஊரில் பாதிப் பேர் ஆஃபருக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள், மீதிப் பேர் ரீசார்ஜ் பண்ண மறந்தவர்கள். மாதவராஜ் நம்பர் ஒன்றுதான் எந்நேரமும் உயிரோடு இருக்கும். ராஜப்பனும் பஸ் விளையாட்டின் கணக்கை அவனிடமே திறந்துகொண்டு, வேலை முடிந்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு மாதவராஜ் கடையை மூடிவிட்டு மலேசியா போனான். நம்பர் செத்தது. செத்த நம்பரை போன் கம்பெனி வேறு யாருக்கோ விற்றுவிட்டது.

கனிமொழி விளையாட்டுக் கம்பெனிக்கு நாலு மெயில் போட்டாள். நாலுக்கும் ஒரே பதில் வந்தது: உங்கள் பொறுமைக்கு நன்றி, பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியைப் பயன்படுத்தவும். மெஷின் எழுதிய கடிதம். மெஷினிடம் கோபித்துக்கொண்டு என்ன பண்ணுவது?

ராஜப்பனோடு பத்து வருஷம் கண்டக்டராக இருந்த முருகேஷ் இதைக் கேட்டுச் சிரித்தான்.

"அண்ணே, எதுக்குண்ணே இவ்ளோ பாடு? எம் பென்டிரைவுல அதே பஸ்ஸு இருக்குது. உடைச்ச காப்பி. நெட்டும் வேணாம், ஓடிபியும் வேணாம். ஏறி உக்காந்தா போய்க்கிட்டே இருக்கலாம்."

அதுதான் ராஜப்பனுக்குப் பொறுக்கவில்லை. திருடியவன் வீட்டில் வண்டி ஜம்மென்று ஓடுகிறது. காசு கொடுத்தவன் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

"டிக்கெட் வாங்காதவன நீ வண்டில ஏத்துவியாடா?" என்று கேட்டார்.

"அது வேறண்ணே."

"எனக்கு வேற இல்ல. அதுவுமில்லாம என் கிலோமீட்டர் உன் பென்டிரைவுல இருக்குதா?"

முருகேஷ் பேச்சை மாற்றினான்.

ராஜப்பன் மாதவராஜின் பழைய நம்பருக்கே போன் போட்டார். எடுத்தது ஒரு பெண் குரல்.

"அம்மா, நான் அரூர் பக்கமிருந்து ராஜப்பன் பேசறனுங்க. உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அத மட்டும்…"

"வெச்சிருங்க போன" என்று கட் ஆனது.

மறுபடி போட்டார். இந்தத் தடவை அந்தம்மாள் கட் பண்ணவில்லை, பொரிந்து தள்ளினார்.

"இந்த நம்பர வாங்குன நாள்லருந்து கண்டவங்க வூட்டு சிலிண்டரு, பட்டா, ஸ்காலர்சிப்பு எல்லாம் எனக்குத்தாங்க வருது. பொங்கலப்ப பாவம்னு ஒருத்தனுக்குச் சொன்னன். அஞ்சே நிமிசத்துல எம் பேங்குல இருந்ததத் தொடச்சு எடுத்துட்டான். இனி பெத்த தாயே கேட்டாலும் சொல்ல மாட்டன். உங்களுக்கு என்ன, கேஸா பட்டாவா?"

விளையாட்டு என்று சொல்ல ராஜப்பனுக்கு நாக்கு எழவில்லை. "பென்ஷன் விஷயங்க" என்றார்.

"எதா இருந்தா என்ன. மாரண்டஹள்ளில பானுமதி தக்காளி மண்டின்னு கேளுங்க, சொல்லுவாங்க. நெசமாலுமே ஆளு இருந்தா நேர்ல வாங்க. மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றனா இல்லையான்னு பாக்கலாம்."

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். அரூரிலிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, அங்கிருந்து மாரண்டஹள்ளி. மூன்று பஸ்ஸிலும் டிரைவர் சீட் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். மூன்று வருஷமாக அப்படித்தான். வீட்டில் மனைவி கண்ணம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் தயாராக இருந்தாள். பத்தாவது வரை படித்தவள், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். மலையடிவாரத்து வீட்டில் நெட் கிடைக்கும் ஒரே இடம் முருங்கை மரத்தின் வடக்குக் கிளை. அதில் டச் போனைத் துணிப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு நெட். பேசுவதற்குப் பழைய பட்டன் போன் அவள் கையில். ராஜப்பன் சொன்னதும் 'அனுப்பு' பட்டனை அமுக்க வேண்டும், ஓடிபி வந்து ஐந்து நிமிஷத்துக்குள் போட வேண்டும். சரிபார்ப்பு முடியும் வரை ஒரு நாளைக்கு இரண்டு ஓடிபிதான். இரண்டும் வீணானால் இருபத்து நாலு மணி நேரம் பூட்டு. இன்றைக்கு வீணானால் கணக்கே போச்சு.

மண்டிக்குள் நுழையும்போது ஏலம் முடிந்திருந்தது. ஆட்கள் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நசுங்கிய தக்காளி வாடை வாசலிலேயே அடித்தது. பானுமதி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. "ஸ்வல்ப இரு" என்று ஒரு ஆளைக் கன்னடத்தில் நிறுத்திவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த பென்ஷன்?"

"ஆமாங்க."

"என்ன பென்ஷன்?"

"அதாங்க… டிப்போ பென்ஷன். ஆன்லைன்ல பதியச் சொல்லியிருக்காங்க."

சுற்றிலும் நாலைந்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில், பஸ் விளையாட்டுக்காக மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ராஜப்பன் பொய்யிலேயே நின்றார்.

"சரி, அனுப்பச் சொல்லுங்க, பாப்பம்" என்றார் பானுமதி.

கண்ணம்மாள் அமுக்கினாள். பானுமதியின் போன் டிங் என்றது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாக வாசித்தார். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஹில் ரூட் பஸ்ஸுன்னு போட்டிருக்குது. பென்ஷன் ஆபீசு எப்பங்க பஸ்ஸு ஓட்ட ஆரம்பிச்சுது?"

ஆட்கள் சிரித்தார்கள். ராஜப்பனுக்குக் காது சூடானது.

"அது… அது அந்த சாஃப்ட்வேர் பேருங்க."

"இதே மாதிரிதாங்க பொங்கலுக்கு ஒருத்தன் பேசுனான். அவனும் உங்கள மாதிரியே மரியாதையாத்தான் பேசுனான். வெளிய போங்க."

"அம்மா, கொஞ்சம் கேளுங்க…"

"வெளிய போங்கன்னு சொல்றனில்ல. இல்லாட்டி போலீசக் கூப்புடட்டுமா?"

காதில் இருந்த போனில் கண்ணம்மாள் பதறினாள். "ஏங்க, மூணு நிமிசந்தான் இருக்குதுங்க. நம்பரச் சொல்லுங்க."

ராஜப்பனுக்கு இனிமேல் பொய் சொல்லவும் தெம்பில்லை, உண்மை சொல்லவும் தெம்பில்லை. மூன்று நிமிஷமும் ஓடியது. "போயிருச்சுங்க" என்றாள் கண்ணம்மாள். "இன்னும் ஒண்ணுதான்."

தன் விஷயத்தில் நாலு மெயிலும் மூன்று பஸ்ஸும் வீணாகி, கடைசியில் திருடன் பட்டமும் வாங்கியாயிற்று. இதற்கு மேல் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

"பென்ஷன் இல்லீங்க. பொய் சொன்னன். அது கம்ப்யூட்டர் கேமுங்க. பஸ்ஸு ஓட்டற கேமு."

"கேமா? இந்த வயசுலயா?"

"ஆமாங்க, இந்த வயசுலதான்." சட்டைப் பையிலிருந்து டிப்போ அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சித்தேரி மலைக்கு இருபத்திரெண்டு வருசம் பஸ்ஸு ஓட்டுனவன். வலிப்பு வந்துச்சுன்னு எறக்கிவிட்டுட்டாங்க. சரிதாங்க, தப்பு சொல்ல மாட்டன். ஆனா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க. வெவசாயம் தெரியாது, ஏவாரம் தெரியாது. புள்ள இத வாங்கிக் குடுத்தா. அதுல நாப்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கறன். ஒரு விபத்து கெடையாது. காசு குடுத்து வாங்குனது, திருடுனது இல்ல. இப்ப எவனோ வந்து நீ யாருன்னு ரூபிக்கச் சொல்றான். நம்பர் உங்ககிட்ட இருக்குது. நான் யாருன்னு எங்க போயி ரூபிக்கிறது? எனக்கு அலுத்துப் போச்சுங்க."

பானுமதி அட்டையை எடுத்து அதில் இருந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் பார்த்தார். படத்தில் மீசை கறுப்பாக இருந்தது.

"எறக்கிவிட்டு எத்தன நாளாச்சு?"

"மூணு வருசம் நாலு மாசமாச்சுங்க."

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "பொய் சொன்னதுக்குத்தாங்க கோவம். மொதல்லயே சொல்லியிருந்தா விசயம் இவ்ளோ தூரம் போயிருக்காதே." பிறகு போனைக் கையில் எடுத்தார். "அனுப்பச் சொல்லுங்க."

கண்ணம்மாள் அமுக்கினாள். ஒரு நிமிஷம் ஆகியும் வரவில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மண்டிக்குள் சிக்னல் சரியில்லை என்று பானுமதி எழுந்து வாசலுக்கு நடந்தார். ராஜப்பனும் பின்னால் போனார், வேலையாட்களும் போனார்கள். லாரி நிற்கும் இடம் வரைக்கும் போன பிறகு டிங் என்றது. பானுமதி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், ராஜப்பன் அதை வாங்கிப் போனில் சொன்னார், கண்ணம்மாள் தட்டினாள். ஏழா, ஒன்றா என்று அவள் ஒரு தடவை கேட்டதில் இவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"தொறந்துருச்சுங்க!" என்றாள் கண்ணம்மாள். "பச்சையா உங்க பஸ்ஸு நிக்குது."

"மேல மூலையப் பாரு. என்ன போட்டிருக்குது?"

"நாப்பத்தோராயிரத்து… முன்னூத்தி எம்பத்தாறு."

"அதுக்குக் கீழ?"

அவள் எழுத்துக் கூட்டினாள். "விபத்து சைபருங்க."

ராஜப்பன் லாரியின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டார். கண் கலங்கியது. அத்தனை பேர் பார்க்கக் கலங்கியதில் அவருக்கு இப்போது வெட்கம் இல்லை.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. கனிமொழி சொல்லிக் கொடுத்திருந்தபடி கண்ணம்மாள் போன் நம்பரை மாற்றும் இடத்துக்குப் போனாள். அங்கே புது நம்பரைப் போட்டதும் இன்னொரு பெட்டி வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்த மாற்றம் முப்பது நாள் கழித்து நடைமுறைக்கு வரும், அதுவரை பழைய நம்பருக்கே ஓடிபி வரும். அதை அவள் வாசித்து முடிப்பதற்குள் அடிவாரத்தில் காற்று அடித்திருக்க வேண்டும், முருங்கைக் கிளை ஆடியிருக்க வேண்டும். "ஏங்க, நெட்டு போயிருச்சு. வெளிய தள்ளிட்டான்" என்றாள். பிறகு, "வந்துருச்சு. ஆனா மறுபடியும் ஓடிபி கேக்கறானுங்க."

பானுமதியின் போன் டிங் என்றது.

"இதென்ன, திருப்பியும் வருது?"

ராஜப்பன் எல்லாவற்றையும் விளக்கினார். ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் இது வரும், நெட் அறுந்தால் மறுபடியும் வரும், முப்பது நாளைக்கு இந்த நம்பருக்குத்தான் வரும். சொல்லச் சொல்ல அவருக்கே அசிங்கமாக இருந்தது. சொந்த வண்டியை எடுக்க முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் தினமும் அனுமதி கேட்க வேண்டும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது.

"விட்டுருங்கம்மா. கணக்கு அழியாம நின்னுச்சே, அது போதும். முப்பது நாளு ஓட்டாம இருந்தா ஒண்ணும் ஆயிராது. மூணு வருசம் இருந்தவனுக்கு இது பெருசா?" கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார். கால் வலித்தது. இன்னும் மூன்று பஸ் மாற வேண்டும்.

"நில்லுங்க" என்றார் பானுமதி. அவர் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "உங்க பேர என்னன்னு போட்டுக்கட்டும்? ராஜப்பனா?"

"ஆமாங்க. எதுக்குங்க?"

"டிரைவர் ராஜப்பன்னு போட்டுக்கறன்." தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "தெனம் எத்தன மணிக்கு வண்டி எடுப்பீங்க?"

மூன்று வருஷம் நாலு மாசத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ராஜப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆறேகாலுக்குங்க. மொத டிரிப்பு."

"லேட் பண்ணாம எடுங்க" என்றார் பானுமதி. "ஆறரைக்கு எனக்கு ஏலம் ஆரம்பிச்சிரும்."